டிசம்பர் ராசியில்லாத மாதமா? இந்தப் பட்டியலை அப்படியே அனுப்பலாமா?

நாகூர்க்காற்று (இழை தொடங்கியவர்) | டிசம்பர் 21, இரவு 9:12

வருஷா வருஷம் மார்கழி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த வருஷமும் வந்துவிட்டது. 1964 தனுஷ்கோடிப் புயல், 1968 கீழ்வெண்மணி, 1984 போபால், 1992 அயோத்தி, 2004 சுனாமி, 2015 சென்னை வெள்ளம். கடைசியில், "டிசம்பர் நமக்கு ராசியில்லாத மாதம், கவனமாக இருங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரி. எங்கள் குடும்பக் குழுவிலேயே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு இது ஆறவில்லை. நான் நாகை மாவட்டத்துக்காரன். எங்களுக்கு டிசம்பர் 25, 26 இரண்டும் அடுத்தடுத்த துக்க நாள். 25-ஆம் தேதி, கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேருக்கு அஞ்சலி. மறுநாள் காலை கடற்கரையில் பாலூற்றி, பூப்போட்டு, சுனாமியில் போனவர்களுக்கு அஞ்சலி. இரண்டுக்கும் போய்விட்டு வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஆனால் இந்த இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து "ராசி" என்று சொன்னால், வெண்மணியில் தீ வைத்தவர்கள் எங்கே போனார்கள்? கிழமையும் நட்சத்திரமுமா பூட்டிய குடிசைக்குத் தீ வைத்தது?

பட்டியலை அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது ஏன் நடந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை இங்கே எழுதுங்கள். அயோத்திக்குத் தனி இழை வேண்டும், அதை இங்கே எடுக்க வேண்டாம்.

மழைக்கணக்கு | டிசம்பர் 21, இரவு 9:50

நல்ல இழை. முதலில் வானிலைப் பக்கத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் பட்டியலில் பாதிக்கு அங்கேதான் பதில் இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த மூன்று மாதத்தில்தான் வங்கக்கடலில் உருவாகும் புயல்கள் நம் கரையைத் தேடி வரும். அதிலும் டிசம்பர் ஆக ஆக, புயல் உருவாகும் இடம் தெற்கே இறங்கும். நவம்பரில் ஆந்திராவுக்கோ வட தமிழகத்துக்கோ போகிறது, டிசம்பரில் டெல்டாவுக்கும் இலங்கைக்கும் ராமேஸ்வரத்துக்கும் வருகிறது. 1964 புயல் டிசம்பர் 17 வாக்கில் அந்தமான் கடலின் தென்பகுதியில், நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே தாழ்வு மண்டலமாகத் தொடங்கியது. அவ்வளவு கீழே பிறந்த ஒரு சுழல் அத்தனை உக்கிரமாக வளர்ந்தது அபூர்வம்.

ஆகவே டிசம்பரில் புயலும் வெள்ளமும் வருவது தற்செயல் இல்லை. அது பருவம். 2015 சென்னை, 2016 வர்தா, 2023 மிக்ஜாம், அதே மாதம் தூத்துக்குடி என எல்லாமே இந்தக் கணக்குக்குள் வரும். ஒவ்வொரு வருஷமும் வரும் என்று தெரிந்த ஒன்றுக்குத் தயாராகாமல் இருப்பதற்கு மாதத்தைக் குறை சொல்ல முடியாது.

சுனாமிக்கும் மாதத்துக்கும் சம்பந்தமே கிடையாது. பூமிக்கடியில் தட்டுகள் நகர்வதற்கு நாள்காட்டி தெரியாது. அது ஏப்ரலில் வந்திருக்கலாம், ஆகஸ்டில் வந்திருக்கலாம்.

கலைமகன்77 | டிசம்பர் 21, இரவு 10:05

பெரியார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா எல்லோரும் டிசம்பரில்தானே போனார்கள்? ராஜாஜியும்தான். அதை விட்டுவிட்டீர்களே.

நாகூர்க்காற்று | டிசம்பர் 21, இரவு 10:11

பெரியாரும் ராஜாஜியும் 94 வயது வரை வாழ்ந்து மறைந்தவர்கள். மற்ற இருவரும் நோயில் மறைந்தார்கள். தலைவர்கள் மறைவு வேறு துக்கம், சகோ. இங்கே பேசுவது ஒரே ராத்திரியில் கூட்டங்கூட்டமாகப் போன சனங்களைப் பற்றி.

மீட்டர்கேஜ் | டிசம்பர் 21, இரவு 11:38

நாளை டிசம்பர் 22. அதனால் தனுஷ்கோடியை நான் எழுதுகிறேன்.

653-ஆம் எண் பாம்பன்–தனுஷ்கோடி பாசஞ்சர். 1964 டிசம்பர் 22 இரவு 11:55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பியது. பயணிகளும் ரயில்வே ஊழியர்களுமாக 115 பேர் என்பது எழுதி வைத்திருக்கும் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் அதில் இல்லை. அந்தக் காலத்தில் சென்னை எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. தனுஷ்கோடியில் அதற்கேற்றபடி ரயில் நிலையம், துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. இன்று நாம் படம் எடுத்துக்கொண்டு வருகிற இடிந்த சுவர்கள் அந்த ஊருடையவை.

வண்டி தனுஷ்கோடியை நெருங்குகிறது. வெளிசிக்னல் எரியவில்லை. நள்ளிரவு, கும்மிருட்டு, இரண்டு பக்கமும் கடல், சாய்த்து அடிக்கிற மழை. சிக்னல் தெரியாவிட்டால் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தினார். பதில் எதுவும் வரவில்லை. நீளமாக ஒரு விசில் கொடுத்துவிட்டு மெதுவாக நகர்த்தினார். அப்போதுதான் அலை வந்தது. இருபது அடிக்கு மேல் எழும்பியது என்கிறார்கள். பெட்டிகள் எல்லாமும் கடலுக்குள் போயின. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. தந்திக்கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்ததால் வண்டி என்ன ஆனது என்றே வெளியே உடனடியாகத் தெரியவில்லை. நிலையத்தில் சொந்தக்காரர்களுக்காகக் காத்திருந்தவர்களும் அதே ராத்திரியில் போய்விட்டார்கள்.

அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாம்பன் பாலத்தில் 145 கர்டர்களில் (இரும்பு உத்திரங்களில்) 126 கடலுக்குள் விழுந்தன. கப்பலுக்குத் திறந்து மூடும் நடுப்பகுதி தப்பித்தது. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் அந்தப் பாலத்தை 46 நாளில் சீர்செய்து மறுபடி வண்டி ஓட வைத்தார். பாலம் பிழைத்தது. ஊர் பிழைக்கவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது.

பொதுவாசகன் | டிசம்பர் 22, காலை 7:20

தனுஷ்கோடி படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. இயற்கைப் பேரிடர்களைப் பேசும் இடத்தில் கீழ்வெண்மணியை ஏன் இழுக்க வேண்டும்? அது கூலித் தகராறு, சாதிப் பிரச்சினை. பழைய காயத்தைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

கீழ்வேளூர் வாத்தியார் | டிசம்பர் 22, காலை 9:45

தம்பி, அதை யாரும் இழுத்து வரவில்லை. டிசம்பர் பட்டியலில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதுவதில்லை, அதுதான் குறை. நான் எழுதுகிறேன்.

அப்போது அது கீழத்தஞ்சை, அதாவது தஞ்சை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி. நிலம் எல்லாம் மிராசுதாரர்களிடம். வயலில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், பண்ணையாட்களாகவும் கூலிகளாகவும். கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கம் வந்த பிறகுதான் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் தண்டனை) சவுக்கடியும் நின்றன என்று பெரியவர்கள் சொல்வார்கள். சங்கம் அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டது. அரைப்படி நெல் கூடுதலாக, அவ்வளவுதான். மிராசுதாரர்கள் தங்களுக்கு நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். இரிஞ்சியூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதற்குத் தலைவர். உள்ளூர் ஆட்களுக்குக் கூலியை உயர்த்துவதற்குப் பதில் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தார்கள். கொடியை இறக்கு, எங்கள் சங்கத்துக்கு வா என்று மிரட்டினார்கள்.

1968 டிசம்பர் 25. பகலில் தகராறு, மாலையில் கைகலப்பு, அதில் மிராசுதாரர் தரப்பு ஆள் ஒருவர் இறந்தார். இரவு அடியாட்கள் துப்பாக்கியும் ஆயுதமுமாகத் தெருவைச் சூழ்ந்தார்கள். ஓட முடிந்த ஆண்கள் வயலுக்குள் ஓடினார்கள். ஓட முடியாதவர்கள், அதாவது பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள், தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் போய் ஒடுங்கினார்கள். அது சின்னக் குடிசை. அதற்குள் 44 பேர். வெளியே தாழ்போட்டுத் தீ வைத்தார்கள். 44 பேரும் எரிந்து போனார்கள்.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மாலைக் கைகலப்பில் போன அந்த ஓர் உயிருக்காக வெண்மணித் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். 44 பேரைக் கொன்ற வழக்கில் நாகப்பட்டினம் நீதிமன்றம் நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் பெரிய நிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் வேலையாள்கூட இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் உள்ள கருத்து. சட்டம் படிக்கிற பிள்ளைகள் அந்தத் தீர்ப்பை முழுசாக வாசிக்க வேண்டும்.

நாயுடு 1980 டிசம்பர் 14 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். அதுவும் டிசம்பர்தான். அதையும் ராசியில் சேர்ப்பார்களா?

பொதுவாசகன் | டிசம்பர் 22, காலை 10:30

தீர்ப்பு விவரம் எனக்குப் புதிது. ஆனாலும் கேட்கிறேன் ஐயா. புயலும் சுனாமியும் சாதி பார்க்காமல் எல்லோரையும் அடித்தன. வெண்மணி அப்படி இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசினால் வெண்மணியின் கனம்தான் குறையும் என்பது என் கருத்து.

நாகூர்க்காற்று | டிசம்பர் 22, காலை 10:52

சேர்த்துப் பேசினால் கனம் குறையும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அதனால்தான் காரணத்தோடு எழுதச் சொல்கிறேன். ஆனால் "சாதி பார்க்காமல்" என்பதை அலைவாய் அக்கா வந்து பார்த்தால் என்ன சொல்வார் என்று தெரியும். அக்கா, இருக்கிறீர்களா?

அலைவாய் | டிசம்பர் 22, மதியம் 1:15

இருக்கேன் தம்பி.

அலை சாதி பாக்கல, உண்மைதான். ஆனா யாரு கரையில நின்னாங்கன்னு பாத்துச்சு. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை. கிறிஸ்மஸுக்கு மறுநாள். பள்ளிக்கூடம் லீவு, புள்ளைங்க எல்லாம் மணல்ல. விடியக்காலை போன படகு கரை சேர்ற நேரம், மீன் எடுத்து விக்கிறதுக்குப் பொம்பளைங்க கூடையோட நிக்கிறாங்க. வேளாங்கண்ணியில கோயிலுக்கு வந்த சனம் கரை நெடுக. கடலுக்குள்ள தூரமா இருந்த ஆம்பளைங்களுக்குப் படகு கொஞ்சம் ஏறி இறங்குன மாதிரிதான் இருந்துச்சாம். கரைக்கு வந்து பாத்தா ஊரே இல்ல. அதான் எங்க ஊருகள்ல பொம்பளைங்களும் புள்ளைங்களும் அவ்வளவு பேரு போனது. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கு மேல. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் ஒரு வீட்டுல ஒருத்தர் போன வீடு குறைவு, ரெண்டு பேரு மூணு பேரு போன வீடுதான் ஜாஸ்தி.

எனக்கு நெஞ்சுல நிக்கிறது நேரக் கணக்கு. சுமத்ராவுல பூமி ஆடுனது நம்ம நேரத்துக்குக் காலையில ஆறரை. இங்க அலை வந்தது ஒம்போது மணி வாக்குல. நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை அதுக்கு முன்னாடியே அலை அடிச்சு நொறுக்கியிருக்கு. எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அரை மணி முன்னாடி ஒரு மைக்குல கத்தியிருந்தாக்கூட புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடியிருப்போம். எச்சரிக்கை மையம் ஐதராபாத்துல வந்தது 2007-ல, எல்லாம் முடிஞ்சப்புறம்.

சாதிய பத்திக் கேட்டீங்க. அழுகிப் போன பொணத்தை நாள் கணக்கா தூக்கிப் பொதைச்சது யாரு? பல ஊரு நகராட்சியிலேர்ந்து கூட்டி வந்த துப்புரவுத் தொழிலாளிங்க. பாதி பேருக்குக் கையுறை கெடையாது. நிவாரண முகாம்ல தலித் சனத்தைத் தனியா வைச்ச எடமெல்லாம் இருந்துச்சு, அப்பவே பத்திரிகையில வந்த சேதிதான். நான் மீனவச்சிதான், எங்க ஆளுங்க பக்கமும் அந்தத் தப்பு இருந்துச்சு. படகு இல்லாத கூலிக்காரனுக்கு என்ன நஷ்டம்னு கணக்கெடுக்க ரொம்ப நாள் ஆச்சு. அதனால வெண்மணியும் சுனாமியும் ஒரே மாவட்டத்துல நடந்தது மட்டும் இல்ல தம்பி. வெண்மணிக்கு அப்புறமும் எது மாறாம இருந்துச்சுன்னு சுனாமி காட்டுச்சு.

பொதுவாசகன் | டிசம்பர் 22, மதியம் 1:40

அக்கா, இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

பனங்கூடல் | டிசம்பர் 22, மாலை 4:02

யாழ்ப்பாணத்திலயிருந்து ஒரு குறிப்பு. 1964 புயலைத் தனுஷ்கோடிப் புயல் எண்டு நீங்கள் சொல்லுறியள். அது எங்கட தீவைக் கடந்துதான் உங்களிட்ட வந்தது. வவுனியாப் பக்கத்தாலதான் போனது. திருகோணமலை, மன்னார், யாழ்ப்பாணம் எல்லா இடமும் அழிவு. மன்னார்க் கரையில போன சனத்தைப் பற்றித் தமிழ்நாட்டில எழுதுறது மிகக் குறைவு.

மீட்டர்கேஜ் எழுதின ரயிலை வாசிக்கேக்க பெரலிய ஞாபகம் வந்தது. 2004 டிசம்பர் 26, கொழும்பிலயிருந்து தெற்குக் கரை வழியா மாத்தறைக்குப் போன ரயில். முதல் அலை வந்தவுடன ரயில் நிண்டுட்டுது. அக்கம்பக்கத்துச் சனம், ரயில் பெட்டி பாரம்தானே, அதுக்குள்ள ஏறினால் தப்பலாம் எண்டு பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு ஏறினவை. அடுத்த அலை பெட்டியளோட சேர்த்துப் பிரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கு மேல சனம் அதுக்குள்ள. நாப்பது வருசம், கிட்டத்தட்ட அதே நாள், கடலோரத்தில ரண்டு ரயில். உலகத்தில ரயில் விபத்தெண்டு சொல்லப்படுறதுகளில அதுக்கு மேல உயிர் போனது இல்லையெண்டுதான் சொல்லுவினம்.

ஆனா மாதத்தைப் பற்றிக் கேட்டால், எங்களுக்கு டிசம்பர் முன்னுக்கு வராது. முல்லைத்தீவிலயும் வடமராட்சி கிழக்கிலயும் சுனாமி எத்தினையோ குடும்பத்தை அள்ளிக்கொண்டு போனது, உண்மை. எண்டாலும் ஈழத்தில ஒரு மாதத்தைச் சொல்லி அழச் சொன்னால் சனம் யூலை எண்டுதான் சொல்லும். 1983 யூலை 23 இரவுக்குப் பிறகு கொழும்பில தமிழருக்கு எதிரா நடந்தது, 25-ம் 27-ம் திகதி வெலிக்கடைச் சிறைக்குள்ள 53 கைதியளைக் கொலை செய்தது. அதுக்குப் பிறகு மே. 2009 மே 18 முள்ளிவாய்க்கால். இது ஒண்டும் மாதத்தின்ர பலன் இல்லை. ஆர் செய்தது எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்கட துக்கத்தை ஆரும் ராசி எண்டு சொன்னால் எங்களுக்கு எப்பிடி இருக்கும் எண்டு யோசியுங்கோ. வெண்மணிச் சனத்துக்கும் அப்பிடித்தானே.

நாகூர்க்காற்று | டிசம்பர் 22, மாலை 4:30

பனங்கூடல், நான் நேற்றிலிருந்து சொல்ல முயல்வதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். நன்றி.

நெய்தல் மகள் | டிசம்பர் 22, மாலை 6:18

பட்டியலில் ஒக்கி புயல் இல்லை. எப்போதுமே இருப்பதில்லை. 2017 நவம்பர் 30 என்பதாலா, இல்லை கன்னியாகுமரி தூரமாக இருக்கிறது என்பதாலா தெரியவில்லை. எங்களுக்கு அது முழு டிசம்பரும் நடந்தது.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஆட்கள் ஆழ்கடல் மீன்பிடிக்காரர்கள். கரையிலிருந்து புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலில்தான் தங்கல். ஒக்கி திடீரென்று வலுத்துப் புயலானது. எச்சரிக்கை வந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள், அந்தத் தூரத்துக்குச் சேதி போய்ச் சேர வழியில்லை. கரையில் இருந்த நாங்கள் நாள்தோறும் தேவாலயத்தில் கூடுவோம். எந்தப் படகு லட்சத்தீவில் ஒதுங்கியது, எது குஜராத்தில், எது மகாராஷ்டிராவில் என்று ஒவ்வொரு பேராக வரும். வராத பேர்களும் இருந்தன. தேடச் சொல்லி ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம்.

அதற்குப் பிறகு வந்தது தாள் கஷ்டம். உடல் கிடைக்காதவர் இறந்ததாகச் சட்டப்படி கருத ஏழு வருஷம் ஆகும். அதுவரை குடும்பத்துக்கு நிவாரணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அந்த விதியைத் தளர்த்திச் சிறப்பாக உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. புயல் ஒரு நாளில் கடந்துவிட்டது, "காணவில்லை" என்ற பட்டியலிலிருந்து "இறந்தார்" என்ற பட்டியலுக்கு அப்பா பெயரை மாற்றக் கையெழுத்துப் போட்ட என் தோழிக்கு அது இன்னும் கடக்கவில்லை.

அடையாற்றங்கரை | டிசம்பர் 22, இரவு 8:05

2015-ஐ நான் சுருக்கமாகச் சொல்கிறேன். டிசம்பர் 1 மழை அசாதாரணம், அதை மறுக்கவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. ஆனால் வெள்ளம் ராத்திரியில் எங்கள் தெருவுக்குள் வந்தது மழையால் மட்டும் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே படிப்படியாகத் திறந்து ஏரியில் இடம் வைத்திருக்கலாம் என்பதுதான் சர்ச்சை. மத்தியத் தணிக்கை அறிக்கையே அதை மனிதர் உருவாக்கிய பேரிடர் என்று சொன்னது. அடையாற்றின் கரையை, பள்ளிக்கரணைச் சதுப்பை, ஏரி வரத்துக் கால்வாய்களை வீட்டுமனை ஆக்கியது எந்த மாதத்தின் குற்றம்?

போபாலும் அதே வகைதான். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையில் மீதைல் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, வாயுவை எரித்து அழிக்கும் கோபுரம் இயங்கும் நிலையில் இல்லை. செலவைக் குறைக்க எடுத்த முடிவுகள். இழப்பீடு 1989-ல் 47 கோடி டாலரில் முடிந்தது. இந்திய அதிகாரிகளுக்கு 2010-ல் கிடைத்தது இரண்டாண்டு தண்டனை, அன்றே ஜாமீன்.

தாமிரபரணிக்காரன் | டிசம்பர் 22, இரவு 9:27

2023-ஐ ஒருத்தரும் விரிவா எழுதலியே. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழ. அந்த ஊருக்கு வருசம் முழுக்கப் பெய்ற மழையைவிட ஜாஸ்தி.

மீட்டர்கேஜ் அண்ணாச்சி, ஒங்க 653-க்கு எதிர்ப்பக்கம் ஒரு வண்டி இருக்கு, அத நீங்கதான் எழுதணும். செந்தூர் எக்ஸ்பிரஸ்.

மீட்டர்கேஜ் | டிசம்பர் 22, இரவு 11:55

தம்பி கேட்டதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய வண்டி. சுமார் 800 பயணிகள். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் வரையிலான பாதையில் வெள்ளம் ஜல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வண்டி அதில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. பாதை சரியில்லை என்று தகவல் வந்ததும், நிலைய மேலாளர் வண்டியை விடவில்லை. பயணிகள் கொதித்திருப்பார்கள், நள்ளிரவில் நடுவழியில் நிறுத்தினால் யார்தான் சும்மா இருப்பார்கள். அவர் அசையவில்லை.

ஒரு பகுதிப் பயணிகளை முதலில் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். பிறகு சாலையும் மூழ்கிவிட்டது. மற்றவர்கள் நிலையத்திலேயே இரண்டு நாள். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டிலேயே தண்ணீர் புகுந்திருந்த நிலையில், கையில் இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அத்தனை பேருக்கும் சோறு கொடுத்தார்கள். பிறகு ஹெலிகாப்டரில் உணவு வந்தது, மீட்புப் படை வந்தது. எல்லோரையும் பத்திரமாகக் கூட்டிப்போனார்கள்.

1964-ல் அந்த ஓட்டுநரை நான் குறை சொல்லமாட்டேன். சிக்னல் இல்லை, தொலைபேசி இல்லை, முன்னே என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. நின்றிருந்தாலும் அந்த அலை தப்ப விட்டிருக்காது. என் கேள்வி பாம்பனில். அந்த ராத்திரியில் வண்டியைக் கிளப்ப அனுமதித்திருக்க வேண்டுமா?

மழைக்கணக்கு | டிசம்பர் 23, காலை 6:40

அண்ணே, இதில் நான் உங்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. 1964-ல் செயற்கைக்கோள் படம் பார்த்துப் புயலின் பாதையை மணிக்கு மணி சொல்லும் வசதி இங்கே கிடையாது. கப்பல்கள் அனுப்பும் தகவல், கரையோர நிலையங்களின் காற்றழுத்தக் கணக்கு, அவ்வளவுதான் கையில். கடல்மட்டம் எழும்பி ஒரு தீவின் முனையையே மூடும் என்று பாம்பனில் இருந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அன்றைய அறிவை வைத்துத்தான் அவர்களை எடைபோட வேண்டும். 2004-ல் அப்படிச் சொல்ல முடியாது. அன்று செயற்கைக்கோள், தொலைக்காட்சி, கைபேசி எல்லாம் இருந்தன.

மீட்டர்கேஜ் | டிசம்பர் 23, காலை 7:05

காற்று எவ்வளவு அடித்தது என்று பாம்பனில் நின்றவருக்குத் தெரிந்திருக்கும். பலத்த காற்றில் அந்தப் பாலத்தின் மேலேயே வண்டியை விடமாட்டார்கள். நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் பாதிதான். இதில் நாம் உடன்பட வேண்டிய கட்டாயமும் இல்லை.

நாகூர்க்காற்று | டிசம்பர் 23, மதியம் 12:20

எல்லோரும் எழுதியதை வைத்து இதைக் குழுவுக்கு அனுப்பப் போகிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

1964 டிசம்பர் 22–23: இலங்கையின் வடக்கையும் தனுஷ்கோடியையும் புயல் அழித்தது. 653 பாசஞ்சரில் இருந்த 115 பேரும் போனார்கள்.
1968 டிசம்பர் 25: கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரை மிராசுதாரர்களின் ஆட்கள் எரித்துக் கொன்றார்கள். தண்டிக்கப்பட்டவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது.
1984 டிசம்பர் 2–3: போபால். பாதுகாப்புக் கருவிகளை இயங்காமல் வைத்திருந்த ஆலை.
2004 டிசம்பர் 26: சுனாமி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் கரைக்கு எச்சரிக்கை வரவில்லை.
2015 டிசம்பர் 1–2: சென்னை. பெருமழை, ஏரித் திறப்பு, ஆக்கிரமிப்பு.
2017 ஒக்கி: ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சேதி போகவில்லை.
2023 டிசம்பர் 17–18: தூத்துக்குடி, நெல்லை வெள்ளம். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலை நிறுத்தியதால் சுமார் 800 பேர் பிழைத்தார்கள்.

"ராசி" வரியையும் "பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" வரியையும் எடுத்துவிட்டேன்.

நெய்தல் மகள் | டிசம்பர் 23, மதியம் 12:41

ஒக்கியில் "காணாமல் போனவர்களும் இறந்தவர்களும் தமிழகம், கேரளம் இரண்டிலும் சேர்த்து இருநூறுக்கு மேல்" என்று சேருங்கள். எண் இல்லாவிட்டால் சின்னப் புயல் என்று நினைத்துவிடுவார்கள்.

கீழ்வேளூர் வாத்தியார் | டிசம்பர் 23, மதியம் 2:10

வெண்மணி வரியில் "பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்" என்று சேர்த்துவிடு தம்பி.

நாளன்னிக்கு 25. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். கூட்டம் சேர்ந்தபின் நினைவிடத்தில் கல்வெட்டை நின்று வாசிக்க முடியாது. பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்கள் 44 பெயரையும் அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே வீட்டுப் பெயர்கள் அடுத்தடுத்து வருவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

பொதுவாசகன் | டிசம்பர் 23, மாலை 5:33

ஐயா, திருவாரூரில் இறங்கினால் வெண்மணிக்கு அன்று பஸ் இருக்குமா?

கீழ்வேளூர் வாத்தியார் | டிசம்பர் 23, மாலை 5:50

கீழ்வேளூர் வரை வந்துவிடு தம்பி. அங்கிருந்து கொடி கட்டிய வண்டிகள் வரிசையாகப் போகும், எதில் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்வார்கள்.